வைத்தியச் செலவை யார் கொடுப்பது?

ஊரிலிருந்து வந்திறங்கும் அம்மாமார் அப்பாமாரை சிட்னி, மெல்பேண் விமான நிலையங்களில் அங்கத்தவர்கள் யாவரும் கண்டிருப்பீர்கள். மகளின் பிள்ளைப்பேற்றுக்குத் துணையாக வருபவர்கள் சிலர். பேரப்பிள்ளைகளைக் கண்டுபோக வருபவர்கள் வேறு சிலர். பெட்டியில் மிளகாய்த்தூள் இருக்கிறதா என்று கேட்கும் நாங்கள், வைத்தியக் காப்புறுதிப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்பது குறைவு. "இங்கேதான் மெடிக்கெயர் இருக்கிறதே" என்பதே பொதுவாகச் சொல்லப்படும் சமாதானம். மெடிக்கெயர் இருப்பது உண்மை. அது அவர்களுக்கு இல்லை என்பதும் உண்மை. ஏன் இல்லை என்பது விளங்கவேண்டுமானால், ஒவ்வொரு நாடும் வைத்தியத்துக்கான பணத்தை யாரிடம் வாங்கி யாருக்குச் செலவழிக்கிறது என்று சற்றுப் பார்த்தல் நன்று.

நம்மில் பலர் பிறந்த யாழ்ப்பாணத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். வைத்தியச் செலவுக்கு வழிகாணும் முறைகள் எத்தனை உண்டோ, அவற்றுட் பெரும்பாலானவற்றை அந்தச் சிறிய குடாநாடு கண்டிருக்கிறது. 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் வைத்தியம் பார்த்தார். மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். நூல்களையும் தமிழில் ஆக்கினார். அது கடல்கடந்த கிறிஸ்தவர்களின் தருமப் பணத்தில் நடந்த வைத்தியம். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியும் தருமச் சங்கமொன்றின் ஆஸ்பத்திரியாகத் தொடங்கி, 1907இல் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1930களில் மூளாயில் எழுந்ததோ வேறொரு வகை. ஊரார் அங்கத்தவர்களாகிப் பணம் போட்டு நடத்திய கூட்டுறவு வைத்தியசாலை அது. சுகமாயிருப்பவன் தரும் பணத்தில் நோயாளியைப் பார்ப்பது என்ற காப்புறுதித் தத்துவத்தை, அந்தச் சொல்லைக் கேட்டறியாத கமக்காரரும் அங்கே நன்றாக விளங்கிக்கொண்டனர்.

இறுதியில் வென்றது வரிப்பணம். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபின், வாக்குக் கேட்டு வந்தவர் ஆஸ்பத்திரியும் தருவதாகச் சொல்லவேண்டியதாயிற்று. 1934, 35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் பல்லாயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. கிராமங்களுக்கு வைத்தியம் எட்டாத நிலையை அது எல்லோருக்கும் காட்டிவிட்டது. 1951 முதல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வைத்தியம் இலவசம். 1971இல் வெளிநோயாளருக்கு 25 சதம் விதித்தார்கள். 1977இல் அதுவும் நீக்கப்பட்டது. பணக்கார நாடல்லாத இலங்கையில் பிரசவத்தில் தாய்மார் இறப்பது வெகுவாகக் குறைந்ததற்கு இந்த ஏற்பாடு முக்கிய காரணம்.

இலவசம் என்றால் செலவே இல்லை என்று பொருளல்ல. விடியற்காலையில் போய்த் துண்டு எடுத்துக் காத்திருக்கும் நேரமும் ஒரு செலவுதான். குளிசை இல்லையென்றால் வெளியே வாங்கும்படி எழுதித் தருவார்கள். வசதியுள்ளவர், காலையில் ஆஸ்பத்திரியில் இருக்கும் அதே டாக்டரைப் பின்னேரம் தனியாரிடத்தில் சனல் பண்ணிப் பார்ப்பார். 2022இன் பொருளாதார நெருக்கடியில் ஆஸ்பத்திரிகளிலேயே மருந்துக்குத் தட்டுப்பாடு வந்ததை நாம் இங்கிருந்து கேட்டுக் கலங்கினோம்.

நிற்க. அவுஸ்திரேலியாவின் கதை இதைவிடச் சண்டை மிகுந்தது. 1953இல் அமைந்த முறைப்படி, விரும்பியவர் தனியார் நிதியங்களில் சந்தா கட்டவேண்டும். அரசாங்கம் அதற்கு உதவி செய்யும். சந்தா கட்ட இயலாதவர் பாடு திண்டாட்டந்தான். 1968இல் மெல்பேண் பல்கலைக்கழகத்துப் பொருளியல் அறிஞர்களான ஜோன் டீபிள், ரிச்சர்ட் ஸ்கொட்டன் ஆகிய இருவர் யாவருக்கும் பொதுவான காப்புறுதித் திட்டமொன்றை வகுத்தனர். விட்லம் அரசாங்கம் அதை ஏற்றது. செனட் சபை மறுத்தது. 1974 ஆகஸ்டில் இரு சபைகளையும் ஒன்றாகக் கூட்டியே சட்டத்தை நிறைவேற்ற முடிந்தது. இந்நாட்டின் வரலாற்றில் சட்டம் நிறைவேற்றுவதற்காக அப்படிக் கூடியது அந்த ஒரு தடவைதான். 1975 ஜூலை 1இல் மெடிபாங்க் தொடங்கியது. ஃபிரேசர் ஆட்சியில் அது துண்டு துண்டாகக் கழற்றப்பட்டு 1981இல் மறைந்தது. ஹோக் அரசாங்கம் 1984 பெப்ரவரி 1இல் மெடிக்கெயர் என்ற பெயரில் அதை மீண்டும் கொண்டுவந்தது. அக்காலத்தில் இங்கு வந்து குடியேறியவர்கள், வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே விதி மூன்று தடவை மாறியதைக் கண்டிருப்பார்கள்.

மெடிக்கெயர் இருந்தும் டாக்டரிடம் ஏன் மேலதிகமாகப் பணம் கட்டுகிறோம் என்று பலர் கேட்பதுண்டு. விடை அரசியலமைப்பில் இருக்கிறது. 1946இல் நடந்த மக்கள் தீர்ப்பின்படி வைத்திய சேவை வழங்கும் அதிகாரம் மத்திய அரசாங்கத்துக்குக் கிடைத்தது. ஆனால் வைத்தியர்களைக் கட்டாய ஊழியத்துக்கு உட்படுத்தல் ஆகாது என்றும் அதில் எழுதப்பட்டது. ஆகவே அரசாங்கம் ஒரு தொகையை நிர்ணயித்துத் தரலாமே தவிர, அதற்குமேல் வாங்காதே என்று டாக்டருக்குக் கட்டளையிடுவது எளிதன்று. அத்தொகையே போதும் என்று அவர் ஏற்றுக்கொண்டால் நமக்குச் செலவில்லை. கூடுதலாகக் கேட்டால் மிச்சம் நம் கையிலிருந்து. பொது ஆஸ்பத்திரியில் பொது நோயாளியாகப் படுத்தால் கட்டணம் இல்லை. பல் வைத்தியம் பெரும்பாலும் இதில் சேராது. அம்புலன்ஸும் சேராது: குவீன்ஸ்லாந்து, தாஸ்மேனியா வாசிகளுக்கு அவர்களுடைய மாநில அரசே பார்த்துக்கொள்கிறது, விக்டோரியாவில் சந்தா கட்டிவைக்கவேண்டும், நியூ சவுத் வேல்ஸில் வீட்டுக்குப் பில் வரும்.

1984 விசேஷமான ஆண்டு போலும். அதே ஆண்டில் கனடா தன் சுகாதாரச் சட்டத்தை இயற்றி, டாக்டர்கள் மேலதிகக் கட்டணம் வாங்கும் வழக்கத்துக்குத் தடை போட்டது. ரொறன்ரோவில் இருக்கும் நம் உறவினர் டாக்டரிடம் பணம் கொடுத்தறியார் என்றால் காரணம் இதுவே. அதே ஆண்டில் சிங்கப்பூர் நேரெதிரான வழியில் சென்றது. அங்கே மெடிசேவ் என்ற பெயரில் ஒவ்வொருவர் சம்பளத்திலும் ஒரு பங்கு அவரவர் கணக்கிலேயே சேமிக்கப்படுகிறது. உன் நோய்க்கு உன் சேமிப்பு, உன் குடும்பத்தின் சேமிப்பு. பெருநோய்க்கான காப்புறுதி பிறகு சேர்க்கப்பட்டது. மலேசியாவில் குடிமக்கள் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கொடுத்து டாக்டரைக் காணலாம். பிரித்தானியாவில் 1948 முதல் வரிப்பணமே எல்லாம். இந்தியாவில் அரசாங்க ஆஸ்பத்திரி இலவசமென்றாலும் பெரும்பாலோர் தனியாரை நாடுவதால் செலவு கைப்பணமாகவே போயிற்று. ஏழைகளுக்காகத் தமிழ்நாடு 2009இலும் மத்திய அரசு 2018இலும் காப்புறுதித் திட்டங்கள் தொடங்கின. 2024 முதல் எழுபது வயதைக் கடந்த எல்லோரும் மத்திய அரசின் திட்டத்தில் சேரலாம்.

இனி நம் பெற்றோர் விஷயத்துக்கு வருவோம். "மகன் இத்தனை வருஷம் வரி கட்டுகிறானே, தாய்க்கு வைத்தியம் பார்க்கமாட்டார்களா?" என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வியாகத் தோன்றும். ஆனால் நம் சம்பளத்தில் பிடிக்கும் 2 சதவீத மெடிக்கெயர் வரி காப்புறுதிச் சந்தா அல்ல. மொத்தச் செலவில் ஒரு பகுதிக்குத்தான் அது காணும், மிச்சம் பொது வரியிலிருந்து வருகிறது. யார் கட்டினார் என்று இந்த முறை கேட்பதில்லை. இங்கே நிரந்தரமாக வாழ்பவரா என்றே கேட்கிறது. அதனால்தான் நிரந்தர வதிவிட விசா கிடைத்த எழுபது வயதுத் தாய், ஒரு சதமும் வரி கட்டாதவராயினும், அன்றே முழு உரிமை பெறுகிறார். அமெரிக்காவிலோ, குடியேறிய முதியவர் அங்குள்ள மெடிக்கெயரில் சந்தா கட்டிச் சேர்வதற்கே ஐந்து ஆண்டுகள் வாழ்ந்திருக்கவேண்டும். இவ்வகையில் இந்நாடு தாராளமானது. ஆனால் பார்வையாளர் விசாவில் வந்த தாய்க்கு அந்தக் கதவு மூடியே இருக்கும். பெற்றோர் விசாவுக்கு மனுப்போட்டுவிட்டு இங்கே காத்திருப்பவருக்கும் அப்படியே. வேறு சில நிரந்தர விசாக்களுக்கு மனுப்போட்டவர்களுக்குக் கிடைக்கும் இடைக்கால மெடிக்கெயர் இவர்களுக்கு இல்லை.

பரஸ்பர ஒப்பந்தம் செய்துகொண்ட நாடுகள் பதினொன்று உண்டு. பிரித்தானியா, அயர்லாந்து, நியூசிலாந்து, இத்தாலி, மால்டா முதலியவை அவை. இலங்கை, இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் எதுவும் அதில் இல்லை. வாழ்நாள் முழுவதும் இலவச வைத்தியத்துக்குப் பழகிய நம் முதியவர், அதே கொள்கையுள்ள இன்னொரு நாட்டில் அந்நியராகிறார். வருபவர் தொகையும் அவர்களின் வயதும் பார்த்தால் அவுஸ்திரேலியா இதற்கு இலகுவில் இணங்குமென்று எனக்குத் தோன்றவில்லை. கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை; நம் சங்கங்கள் ஒன்றுகூடிக் கேட்கலாம்.

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பொது ஆஸ்பத்திரியிலும் உரிமையற்றவருக்கு ஒரு நாட்கட்டணமே ஆயிரம் டொலரைத் தாண்டும், சத்திரசிகிச்சை வேறு. கனடா, பெற்றோருக்கான நீண்டகால விசா தருமுன்னரே ஒரு லட்சம் டொலர் காப்புறுதியைக் காட்டச் சொல்கிறது. இங்கே சில விசாக்களுக்கு மட்டுமே காப்புறுதி நிபந்தனை உண்டு. மற்றவர்கள் தாமாகவே செய்துகொள்ளவேண்டும்.

காப்புறுதி எடுக்கும்போது, ஏற்கனவே உள்ள நோய் பற்றிய பந்தியை முதலில் வாசியுங்கள். இந்நாட்டு நிதியங்கள் பெரும்பாலும் அதற்குப் பன்னிரண்டு மாதத் தவணை வைக்கின்றன. மூன்று மாதம் நிற்க வரும் இருதய நோயாளிக்கு அதனால் என்ன பயன்? சீனி வருத்தம், இரத்த அழுத்தம் உண்டென்பதை மறைத்து எடுத்த பத்திரம் ஆபத்து வேளையில் வெறுங்காகிதம். அம்புலன்ஸ் சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். புதிதாக நிரந்தர வதிவிடம் பெற்ற முப்பது வயதைத் தாண்டியோர், தனியார் ஆஸ்பத்திரிக் காப்புறுதி எடுப்பதாயின் மெடிக்கெயரில் பதிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் எடுத்தால், வயதுக்கேற்ற மேலதிகச் சந்தாவிலிருந்து தப்பலாம்.

மருந்துக்கும் இங்கே அரசாங்க உதவி மெடிக்கெயர் அட்டையுள்ளவருக்கே. பார்வையாளர் முழு விலை கொடுக்கவேண்டும். ஆகையால் வருபவர்கள் தம் சொந்தப் பாவனைக்கான குளிசைகளை மூன்று மாதத்துக்கு மேற்படாத அளவில் கொண்டுவருவது நல்லது. கிளினிக் கொப்பியின் பிரதியும், டாக்டர் ஆங்கிலத்தில் எழுதிய கடிதமும் கூடவே இருக்கட்டும். இறங்குமுன் நிரப்பும் பத்திரத்தில் மருந்து இருப்பதை மறவாமல் குறிப்பிடச் சொல்லுங்கள்.