ஆறாவது விரலின் முகவரி

கலிஃபோர்னியாவின் பிளசன்டனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “எங்கள் ஊர் டென்எக்ஸ் ஜீனோமிக்ஸ் கம்பெனி கருவிகளில் செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிக்கிறார்களாமே? எல்லா செல்லிலும் ஒரே டிஎன்ஏதானே இருக்கிறது?”

எழுத்து ஒன்றுதான், மடிப்பு வேறு. ஒரு செல்லின் டிஎன்ஏவை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். சில மைக்ரான் அகல உட்கருவுக்குள் அடங்க, அது ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றிக்கொண்டு கிடக்கிறது. இறுகிய இடத்து மரபணு பெரும்பாலும் பேசாது. தளர்ந்த இடத்தில்தான் வேலை நடக்கும். கல்லீரலில் தளர்ந்திருப்பது மூளையில் இறுகியிருக்கலாம். 2013இல் ஸ்டான்ஃபோர்டில் பிறந்த ஒரு முறையில், தளர்ந்த இடத்தை மட்டும் வெட்டும் நொதியை உள்ளே விடுவார்கள். வெட்டுப்பட்ட உட்கருக்களை எண்ணெயில் மிதக்கும் துளிகளில் ஒவ்வொன்றாக அடைத்து, எந்தத் துண்டு எந்த செல்லுடையது என்று குறியிடுவது பிளசன்டன் கருவியின் வேலை.

எனக்குப் பிடித்த விசித்திரம் வேறு. கருவில் கைகால் வளர சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற மரபணு வேண்டும். (வீடியோ கேம் முள்ளெலியின் பெயரேதான்!) கைகாலில் அதை இயக்கும் சுவிட்சான இசட்ஆர்எஸ், ஏறத்தாழ 10 லட்சம் எழுத்துகள் தள்ளி, சம்பந்தமே இல்லாத வேறொரு மரபணுவின் நடுவில் இருக்கிறது. அம்மா மடித்து வைக்கும் ஒன்பது கஜத்தில் முந்தானை போய் மறுகோடியைத் தொடுமே, அப்படித்தான் இவை இரண்டும் நெருங்குகின்றன. சுவிட்சில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் கட்டைவிரல் பக்கம் கூடுதல் விரல் முளைக்கலாம். நம் ஊரில் அதை அதிர்ஷ்டம் என்பார்கள்.

2016இல், பிளசன்டனுக்குப் பக்கத்தில் பெர்க்லி ஆய்வகத்தில், எலியின் இசட்ஆர்எஸ்ஸை எடுத்துவிட்டுப் பாம்பினுடையதை வைத்தார்கள். பிறந்த எலிகளுக்குக் கைகால் குட்டையாகச் சுருங்கிப்போயிருந்தது. பாம்பு தொலைத்திருந்த 17 எழுத்துகளைத் திரும்பச் சேர்த்ததும் கால் வளர்ந்தது.

இத்தகைய சுவிட்சுகள் கிடக்கும் பகுதியைத்தான் ‘குப்பை’ என்று பல காலம் ஒதுக்கினோம். வேலையற்றதும் அதில் நிறைய இருக்கலாம். அதற்காகத் திறந்துகூடப் பார்க்காமல் பெயர் வைத்தது அவசரம். அந்த அவசரம் இன்னும் தீரவில்லை. பரவலாகச் செய்யப்படும் எக்ஸோம் சோதனை, புரதம் செய்யும் 2 சதவீதத்துக்கும் குறைவான பகுதியைத்தான் குறிவைக்கிறது. இசட்ஆர்எஸ் பொதுவாக அதில் வராது. குழந்தையின் ரிப்போர்ட்டில் “நார்மல்” என்றிருந்தால், படித்தது எக்ஸோமா முழு ஜீனோமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.