பேங்காக்கில் எங்கே தங்குவது?

பேங்காக்கில் ஹோட்டல் தேடும் நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டைத்தான் பார்க்கிறார்கள்: ஓர் இரவுக்கு எத்தனை வெள்ளி, நீச்சல்குளம் உண்டா. அந்த ஹோட்டல் எந்தச் சந்துக்குள் இருக்கிறது, இரவு ஒரு மணிக்கு அந்தச் சந்து எப்படி இருக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. சென்ற மாதம் எங்கள் குடும்பத்தில் அந்தக் கேள்வி ஒரு வாரச் சண்டையாக ஓடியது.

என் அண்ணன் மகள் படிப்பை முடித்த கையோடு மூன்று தோழிகளுடன் நான்கு நாள் பேங்காக் போகத் திட்டமிட்டாள். எல்லாருக்கும் வயது 23. பகலில் கடைத்தெரு, இரவில் இசையும் நடனமும் தெருச் சாப்பாடும். அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. காவ் சான் சாலையிலேயே அறை எடுக்கப் போவதாகச் சொன்னாள். அண்ணனோ ஆற்றோரமாக, அமைதியான பெரிய ஹோட்டலில்தான் தங்க வேண்டும், பணத்தைத் தானே கட்டுகிறேன் என்றார். நான் தேக்காவில் துணிக்கடை வைத்திருப்பவள். சரக்கு எடுக்க ஆண்டுக்கு மூன்று நான்கு முறை பேங்காக் போகிறேன். பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

“ஆள் நடமாட்டம் இல்லாத அமைதியான இடம்னா பாதுகாப்புதானே?” என்றார் அண்ணன்.

“இல்லண்ணா. ஆள் நடமாட்டம் இருந்தாத்தான் பாதுகாப்பு,” என்றேன்.

பேங்காக்கைப் பற்றி நம் வீடுகளில் இருக்கும் பயம் வேறு, அங்கே உண்மையில் நடக்கும் தொல்லை வேறு. நள்ளிரவிலும் பெண்கள் தனியாகத் தள்ளுவண்டிக் கடை நடத்தும் ஊர் அது. நான் பார்த்தவரை சுற்றுப்பயணிகளுக்கு வரும் சங்கடங்கள் சின்னச் சின்னவை: மீட்டர் போட மறுக்கும் டாக்சி, கேட்காத பானங்கள் ஏறிய பில், உடைந்த நடைபாதை, தலைக்கவசம் இல்லாமல் மோட்டார்சைக்கிள் டாக்சியின் பின்னால் உட்காருவது. இவற்றில் பெரும்பாலானவை ஒரே நேரத்தில்தான் வருகின்றன: கொண்டாட்டம் முடிந்து அறைக்குத் திரும்பும்போது.

அங்கே மேம்பால ரயிலும் எம்ஆர்டியும் ஏறத்தாழ நள்ளிரவோடு நின்றுவிடும். கேளிக்கைக் கூடங்களோ அதிகாலை 2 மணி வரை திறந்திருக்கும். 2023 டிசம்பரிலிருந்து, உரிமம் பெற்ற சில இடங்களுக்கு 4 மணி வரை அனுமதி கிடைத்திருக்கிறது. ஆக, இளையர்கள் திரும்புவது ரயில் இல்லாத நேரத்தில். வட்டாரத்தை அந்த நேரத்தை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆற்றோரத்தில் இதுதான் சிக்கல். சாவ் பிரயா நதிக்கரை ஹோட்டல்கள் அழகானவை, வயதான பெற்றோரை அழைத்துப் போனால் நானும் அங்கேதான் தங்குவேன். ஆனால் இளையர்கள் தேடும் இரவு வாழ்க்கை பெரும்பாலும் அங்கே இல்லை. எங்கே போனாலும் டாக்சியில்தான் திரும்ப வேண்டும். ரயில் என்றால் சபான் தாக்சின் நிலையம், அங்கிருந்து படகு. இரவு முற்றிவிட்டால் படகும் இல்லை. அமைதிக்காகக் கொடுக்கும் பணம் தினமும் ஒரு நள்ளிரவு டாக்சியை வாங்கித் தருகிறது.

காவ் சானுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. கொண்டாட்டம் வாசலிலேயே இருக்கிறது, நள்ளிரவில் நடந்தே அறைக்கு வந்துவிடலாம். ஆனால் விடியும் வரை சத்தம். அதோடு பக்கத்தில் ரயில் நிலையம் கிடையாது. 2019ல் பழைய நகருக்கு எம்ஆர்டி வந்த பிறகும் மிக அருகிலுள்ள சாம் யோட் நிலையத்திலிருந்து நல்ல நடை. வெயிலில் நடக்க மனம் வராது, ‘துக் துக்’ ஏறுவீர்கள். அரண்மனை இன்று மூடியிருக்கிறது, வேறு கோயிலும் மாணிக்கக் கடையும் காட்டுகிறேன் என்று அழைத்துப்போகும் பழைய வித்தை அரண்மனையைச் சுற்றி இன்னும் ஓய்ந்தபாடில்லை. காவ் சானுக்கு ஒரு மாலை போய்வருவது போதும் என்பது என் கருத்து.

அடுத்துத் தோழிகள் காட்டியது சுக்கும்விட். இதை ஒரு வட்டாரம் என்று சொல்வதே தவறு. பல கிலோமீட்டர் நீளும் நெடுஞ்சாலை அது, நிலையத்துக்கு நிலையம் குணம் மாறும். கிளைச் சந்துகளை ‘சோய்’ என்பார்கள். ஒற்றைப்படை எண்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை மறு பக்கம். இரண்டும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. சோய் 55க்கு எதிரே இருப்பது சோய் 38. இது தெரியாமல் வரைபடம் பார்த்துக் குழம்புகிறவர்கள் பலர்.

நானா நிலையத்தின் ஒரு பக்கம் நடனக் கூடங்கள் நிறைந்த சோய் 11, மறுபக்கம் சோய் 4ல் பெரியவர்களுக்கான மதுக்கூடங்கள். பும்ருங்ராட் மருத்துவமனையும் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. வெளிச்சமும் கூட்டமும் விடிய விடிய இருப்பதால் ஆபத்தான இடம் என்று சொல்லமாட்டேன். நான்கு இளம்பெண்கள் ஒவ்வோர் இரவும் அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடப்பது அலுப்பு, அவ்வளவுதான். அடுத்த நிலையம் அசோக். இரண்டு ரயில் தடங்கள் சந்திக்கும் இடம், வசதியில் முதல் இடம். அதற்கடுத்த பிரோம் போங் பேரங்காடிகளும் பூங்காவும் கொண்ட வட்டாரம், ஜப்பானியக் குடும்பங்கள் நிறைய வசிக்கிறார்கள். குழந்தைகளோடு போகும் குடும்பங்களுக்கு நான் சொல்லும் இடம் அதுதான்.

இப்போதைய இளையர்களின் கனவு தோங் லோர். நல்ல இசை, நல்ல உணவு, உள்ளூர் இளையர்களின் கூட்டம். ஆனால் நிலையம் சந்தின் வாயில் இருக்கிறது, சந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போகிறது. விளம்பரத்தில் “தோங் லோரில்” என்று போட்டிருக்கும் ஹோட்டல் ரயிலிலிருந்து அரை மணி நேர நடையில் இருக்கலாம். பகலில் ஆரஞ்சு மேலங்கி மோட்டார்சைக்கிள் டாக்சி கைகொடுக்கும். இரவில், குடித்திருந்தால், அதில் ஏறவே கூடாது.

நம்மவர்கள் அதிகம் தங்கும் பிரதூணாம் பற்றியும் சொல்ல வேண்டும். நான் சரக்கு எடுப்பது அங்கேதான். மொத்த விலைத் துணி, இந்தியச் சாப்பாடு, மலிவான அறை. பெட்டி நிறைய வாங்கப் போகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் மேம்பால ரயிலுக்குக் கொஞ்சம் நடக்க வேண்டும். இரவில் கடைகள் மூடியதும் தெருவில் சாமான் வண்டிகள்தான் மிச்சம்.

கடைசியில் நான் சொன்னது சீலோம். பகலில் அலுவலக வட்டாரம், நம் ராஃபிள்ஸ் பிளேஸ் மாதிரி. ஆனால் இரவில் அடங்குவதில்லை. சாலா டேங் மேம்பால ரயில் நிலையமும் சீலோம் எம்ஆர்டி நிலையமும் ஒட்டியிருக்கின்றன. எம்ஆர்டியில் மூன்றாவது நிறுத்தம் வாட் மங்கோன், அதாவது யாவராட் சீனநகரின் தெருச் சாப்பாடு. எதிர்த்திசையில் நான்காவது நிறுத்தம் சுக்கும்விட். சுலாலங்கோன் மருத்துவமனை லும்பினி பூங்காவுக்கு எதிரே. சோய் 4ன் மதுக்கூடங்கள் எல்லாரையும் வரவேற்பவை, பெண்கள் நிம்மதியாக உட்காரலாம். பாட்போங் இரவுச் சந்தையும் அங்கேதான். சந்தையைச் சுற்றுங்கள், “மாடியில் ஷோ” என்று அட்டை நீட்டுபவர் பின்னால் மட்டும் போகாதீர்கள். பில் அங்கேதான் வீங்கும்.

அதே சாலையில் கொஞ்சம் தள்ளி, பான் சாலை முனையில், மகா மாரியம்மன் கோயில். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடியேறிய தமிழர்கள் கட்டியது. தாய்லாந்துக்காரர்கள் ‘வாட் கேக்’ என்கிறார்கள், நம்மைவிட அவர்கள்தான் அதிகம் வருகிறார்கள். நவராத்திரி முடிவில் அம்மன் ஊர்வலம் வரும். அன்று அந்தப் பகுதிச் சாலை மூடப்படும், விமான நிலைய டாக்சி ஹோட்டல் வாசலுக்கு வராது. கோயிலைச் சொன்னதும் அண்ணன் பாதி இறங்கி வந்தார்.

சீலோமிலும் எல்லா ஹோட்டலும் சரி என்று இல்லை. நான் பார்ப்பது ஒன்று: நிலையத்திலிருந்து ஹோட்டல் வரையுள்ள வழியில் விடிய விடியத் திறந்திருக்கும் செவன் இலெவன் கடை உண்டா. இருந்தால் வெளிச்சம் உண்டு, ஆள் உண்டு. கூகல் வரைபடத்தில் தெருப்படத்தைத் திறந்து அந்த வழியை விரலாலேயே நடந்து பார்க்கலாம்.

பெண்களிடம் தனியாகச் சொன்னவையும் உண்டு. டாக்சியைச் செயலியில் பிடிக்க வேண்டும். மீட்டர் டாக்சி 35 பாட்டில் தொடங்கும், மொத்தமாக விலை பேசினால் இறங்கிவிட வேண்டும். ஹோட்டல் முகவரி தாய் எழுத்தில் கையில் இருக்க வேண்டும். அங்கே மது அருந்தும் வயது 20, வாசலில் கடப்பிதழ் கேட்பார்கள். மின்சிகரெட்டுக்கு அங்கும் தடை. கடைகளில் கஞ்சா இலை படம் தொங்கினாலும் தொடக்கூடாது. சிங்கப்பூரரும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொண்டாலும் நம் சட்டப்படி குற்றம். சுற்றுப்பயணக் காவல்துறை எண் 1155.

“அத்தை, அப்பாவைவிட நீங்கதான் அதிகமா பயமுறுத்துறீங்க,” என்றாள். ஆனால் எண்ணைக் குறித்துக்கொண்டாள்.

சாலா டேங் நிலையத்திலிருந்து நான்கு நிமிட நடையில் இரண்டு அறைகள் பதிவாகிவிட்டன. அறைக்கு ஓர் இரவு 95 வெள்ளி. பயணத் திட்டத்தை எனக்கு அனுப்பினாள். யாவராட்டைத் திங்கட்கிழமை இரவுக்கு வைத்திருந்தாள். திங்கட்கிழமைகளில் அங்கே தெருக்கடைகள் பல இருக்காது. சனிக்கிழமைக்கு மாற்றச் சொல்லிப் பதில் போட்டேன்.