சுவர் ஏறும் வீரனும் தரை துடைக்கும் சிறுமியும்

குட்டீஸ், வீரம் என்றால் என்ன? "எதிரியைத் தூக்கி அடிப்பது" என்றுதானே சொல்லத் தோன்றுகிறது? இரண்டு படங்களின் கதையைக் கேட்டுவிட்டு விடை சொல்லுங்கள்.

முதலாவது, சாம் ரைமி இயக்கி 2002-ல் வெளிவந்த அமெரிக்கப் படம் 'ஸ்பைடர் மேன்'. திரைக்கு வந்த மூன்றே நாளில் வட அமெரிக்காவில் 10 கோடி டாலருக்கு மேல் வசூலித்த முதல் படம் இதுதான். அடுத்தது, ஹயாவோ மியாசாகி இயக்கி 2001-ல் ஜப்பானில் வெளியான 'ஸ்பிரிட்டட் அவே' என்ற அனிமேஷன் படம். 2003-ல் ஆஸ்கர் விருது பெற்றது.

சிலந்தி தந்த பலம்

பீட்டர் பார்க்கர் பள்ளி மாணவன். ஒரு சிலந்தி அவனைக் கடிக்கிறது. மறுநாளே உடம்பில் அபார பலம்! சுவரில் ஏறுகிறான், கையிலிருந்து வலை பாய்ச்சுகிறான்.

அவனுக்குப் பேசிய பணத்தைத் தராமல் ஏமாற்றிய ஒருவரிடம் கொள்ளையடித்துவிட்டு ஒரு திருடன் ஓடி வருகிறான். பிடிக்க முடிந்தும், 'எனக்கென்ன?' என்று வழிவிடுகிறான் பீட்டர். அந்தத் திருடனாலேயே, தன்னை வளர்த்த பென் பெரியப்பாவைப் பறிகொடுக்கிறான். அந்த அழுகைக்குப் பிறகுதான் ஸ்பைடர் மேன் பிறக்கிறான்.

பெயரைப் பறித்த சூனியக்காரி

சிஹிரோவுக்கு வயது 10. பயந்த சுபாவம். பெற்றோருடன் போகும் வழியில் ஒரு விசித்திரமான இடத்துக்குள் நுழைகிறாள். அங்கே கடையில் இருந்த உணவை, யாரையும் கேட்காமல் அள்ளித் தின்ற அப்பாவும் அம்மாவும் பன்றிகளாகிவிடுகிறார்கள்!

அவர்களை மீட்பதற்காக, தெய்வங்களும் ஆவிகளும் வந்து குளிக்கும் விடுதியில் வேலைக்குச் சேருகிறாள். முதலாளி யுபாபா ஒரு சூனியக்காரி. சிஹிரோவின் பெயரைப் பறித்து, 'சென்' என்று மாற்றிவிடுகிறாள். சொந்தப் பெயரை மறந்துவிட்டால் வீடு திரும்ப வழியே கிடையாது!

ஒருநாள் சேறு வழிய, நாற்றத்தோடு ஒரு விருந்தாளி வருகிறது. எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். குளிப்பாட்டும் வேலை சிஹிரோ தலையில் விழுகிறது. விருந்தாளியின் விலாவில் முள் போல ஏதோ குத்தியிருப்பதைக் கவனிக்கிறாள். கயிறு கட்டி எல்லாருமாக இழுத்தால், ஒரு சைக்கிள்! பின்னாலேயே மலை போலக் குப்பை. வந்தது ஓர் ஆற்றுத் தெய்வம்! மனிதர்கள் கொட்டிய குப்பை அதை அப்படி ஆக்கியிருந்தது. மியாசாகியே ஒருமுறை ஆற்றைச் சுத்தம் செய்தபோது, அதிலிருந்து சைக்கிளை இழுத்து எடுத்திருக்கிறார்.

எது வீரம்?

பீட்டருக்குப் பலம் முதலில் வந்தது, பொறுப்பு பிறகு வந்தது. சிஹிரோவுக்கு மந்திர சக்தி கடைசிவரை வரவே இல்லை. தரை துடைத்தாள். உதவியவர்களுக்கு நன்றி சொன்னாள். கை நிறையத் தங்கம் நீட்டியபோதும் வேண்டாம் என்றாள். பெயரை மறக்கவில்லை. பெற்றோரை மீட்டாள்.

இரண்டையும் பாருங்கள். சிஹிரோ படத்தில் சில காட்சிகள் பயமுறுத்தும். சின்னவர்கள் பெரியவர்களோடு பாருங்கள்.

நம்மை எந்தச் சிலந்தியும் கடிக்கப் போவதில்லை. ஆனால், 'எனக்கென்ன?' என்று ஒதுங்கத் தோன்றும் நேரம் தினமும் வரும். வகுப்பில் ஒருவனை எல்லாரும் கேலி செய்யும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? இப்போது சொல்லுங்கள் குட்டீஸ், எது வீரம்?