பூர்ணம் விசுவநாதனும் பேச்சுத்தமிழ் நடிப்பும்

நாடக இலக்கியத்தை ஆராயப் புகுவோர் அச்சேறிய உரையாடலையே மூலமெனக் கொண்டு, அதனை ஒலித்துக் காட்டிய நடிகரைப் புறத்தே நிறுத்திவிடுதல் நம்மிடை நெடுநாள் வழக்கம். இவ்வழக்கம் எத்துணைக் குறையுடைத்து என்பதற்குப் பூர்ணம் விசுவநாதன் (1921–2008) அவர்களின் கலைவாழ்வு தக்க சான்றாகும் என்பது நம் கருத்து.

நெல்லைச் சீமையில் தோன்றிய இவர் எழுத்தோடு தொடர்புடைய குடும்பத்தினர். ‘முள்ளும் மலரும்’ புதினத்தை இயற்றிய உமாசந்திரன் இவர்தம் உடன்பிறந்தார். உருசிய இலக்கியங்களைத் தமிழாக்கிய பூ. சோமசுந்தரமும் அவ்வாறே. விசுவநாதன் அவர்களோ தில்லி வானொலியில் தமிழ்ச் செய்தி வாசிக்கும் பணியை மேற்கொண்டார். 1947ஆம் ஆண்டு நாடு விடுதலையுற்ற செய்தியைத் தமிழ் மக்கள் வானொலியில் கேட்டது இவர் குரலிலேயாம்.

செய்தி வாசிப்போர் சொல்லை முன்னிறுத்தித் தம்மை மறைத்துக்கொள்ளல் வேண்டும். மூச்சை எங்கே நிறுத்துவது, எச்சொல்லுக்கு அழுத்தம் தருவது என்பன அப்பணியின் அடிப்படைகள். முழங்கிப் பேசும் அடுக்குமொழியே நடிப்பெனப் போற்றப்பட்ட காலத்தில், இப்பயிற்சி பெற்ற ஒருவர் மேடையேறியது சிறு நிகழ்ச்சியன்று. இவர் குரலை உயர்த்தாமலே அவையை ஈர்த்தார்.

எழுத்தாளர் சுசாதாவின் நாடகங்கள் பலவற்றை இவர் தம் குழுவின் வாயிலாக அரங்கேற்றினார். ‘கடவுள் வந்திருந்தார்’ அவற்றுள் ஒன்று. அதில் வரும் சீனிவாசன் என்னும் முதியவர், ஏனையோர் கண்ணுக்குப் புலப்படாத எதிர்கால மனிதன் ஒருவனோடு உரையாடுகிறார்; வீட்டாரோ அவர் தனியே பிதற்றுவதாக எண்ணி அஞ்சுகின்றனர். ஏட்டில் இவ்வுரையாடலைப் படிப்போர்க்கு நகைச்சுவையே மேலோங்கித் தோன்றும். ஒருவர் வாய்திறந்து பேசும்போதன்றோ, வேலையினின்று ஓய்வுபெற்ற மனிதரின் சொல்லை வீட்டில் எவரும் செவிமடுக்கவில்லை என்னும் அவலம் புலனாகிறது! வினாவுக்கும் விடைக்கும் இடையே எத்துணை நேரம் வாய்மூடியிருத்தல் வேண்டும் என்பதை எந்த ஆசிரியரும் எழுதி வைப்பதில்லை. அவ்விடைவெளி நடிகரின் படைப்பு.

திரையுலகில் இவர் பெரும்புகழ் எய்தியது முதுமையை அணுகிய பின்னரே. ‘வறுமையின் நிறம் சிவப்பு’ (1980) என்னும் படத்தில் மகனைத் தேடித் தில்லி வரும் இசைவாணராகத் தோன்றினார். அம்மகன் முடிதிருத்தும் தொழில் செய்யக் காணும் இடத்தில் தந்தையின் செருக்குத் தகர்வதை நீண்ட வசனம் ஏதுமின்றியே உணர்த்துகிறார். ‘வருசம் 16’ (1989) படத்தில் பெருங்குடும்பத்தின் தலைவர்; ‘மகாநதி’ (1994) படத்தில் சிறைப்பட்ட பஞ்சாபகேசன். தொலைக்காட்சி நாடகங்களிலும் இவர் நடித்துள்ளார். இல்லத்தினுள் அமர்ந்து கேட்போர்க்கு இவருடைய தாழ்ந்த குரல் பெரிதும் பொருந்திற்று. ஏற்றவை பெரும்பாலும் ஒரே வகை முதியவர் வேடங்களே என்பாரை நாம் முற்றிலும் மறுக்க இயலாது. எனினும் பஞ்சாபகேசனின் பேச்சில் உள்ள பணிவும் சீனிவாசனின் பேச்சில் உள்ள பிடிவாதமும் ஒன்றல்ல.

இத்தகையோரைக் குணச்சித்திர நடிகர் என்கிறோம். சித்திரம் கண்ணுக்குரியது, இவர் கலையோ செவிக்குரியது. மேடைநாடகம் நிகழ்ந்த அன்றே மறைவது. ஆயினும் திரைப்படங்கள் நம் கைக்கு எட்டுவன. தற்கால நாடகத்தை ஆராயும் மாணவர்கள் இவர் பேசிய காட்சிகளைச் செவியூன்றிக் கேட்டு, அழுத்தம், நிறுத்தம், ஒலித்திரிபு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அதன்பின் அச்சிட்ட நாடக ஏட்டைத் திறப்பார்களாக.