மோவாயில் பட்ட அடி, காதருகே உடையும் எலும்பு

குழந்தை தடுக்கி விழுந்து மோவாய் கிழிந்தால் எல்லா வீட்டிலும் நடப்பது ஒன்றுதான். ரத்தம் வழியும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடித்தபடி பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். இரண்டு மூன்று தையல், ஒரு டி.டி. ஊசி. ஒரு வாரத்தில் தையல் பிரித்தாகிவிடும். தழும்பு மங்குவதற்குள் விழுந்ததே மறந்துபோகும். ஆறேழு மாதம் கழித்து, பிள்ளைக்கு முன்போல வாய் அகலத் திறக்கவில்லை என்று யாராவது கவனிப்பார்கள். அதையும் அந்தத் தழும்பையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. "வளர வளர சரியாயிடும்" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். பிள்ளைகளின் எத்தனையோ சில்லறைக் குறைகளுக்குப் பொருந்துகிற ஆறுதல் அது. ஆனால் தாடை மூட்டு இறுகிப்போன பிள்ளைக்கு வளர வளர முகம் கோணும்.

காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து, வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கு அடியில் ஒன்று நகர்வது தெரியும். அதுதான் தாடை மூட்டு. கீழ்த்தாடை லாடம்போல வளைந்த ஒரே எலும்பு. அதன் இரு முனைகளும் இரண்டு காதுகளுக்கும் முன்னால், மண்டையோட்டின் குழியில் பொருந்தியிருக்கின்றன. மோவாயில் விழும் அடியின் வேகம் எலும்பு வழியே பின்னால் ஏறி, அந்த முனையின் மெல்லிய கழுத்தைத் தாக்குகிறது. அடி பட்டது ஓரிடம், உடைவது வேறிடம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அந்த முனை மிருதுவாகவும் ரத்த ஓட்டம் மிகுந்தும் இருப்பதால், ஒடிவதற்குப் பதில் நசுங்கிவிடுவதுண்டு. மூட்டுக்குள் ரத்தம் கட்டுகிறது. வலிக்குப் பயந்து பிள்ளை வாயை அசைப்பதில்லை. அசையாத மூட்டில் கட்டிய ரத்தம் நாராகி, நாளடைவில் எலும்பாகித் தாடையை மண்டையோட்டோடு ஒட்டிவிடுகிறது. மருத்துவர்கள் இதை ஆங்கைலோசிஸ் என்கிறார்கள். காதில் சீழ் வடிவதைக் கவனிக்காமல் விட்டு, தொற்று மூட்டுக்குப் பரவினாலும் இது வரலாம். ஆனாலும் முதல் காரணம் அடிதான்.

அடிபட்ட அன்றே பார்த்துக் கண்டுபிடிக்க முடியும் என்பதுதான் இதில் நெஞ்சைச் சுடும் விஷயம். வாயைத் திறக்கச் சொன்னால் மோவாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். அடிபட்ட மூட்டு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். காதுக்கு முன்னால் தொட்டால் பிள்ளை முகத்தைச் சுளிக்கும். கடைவாய்ப் பற்கள் முதலில் முட்டி, முன்பற்கள் சேராமல் நிற்கும். சில குழந்தைகளுக்குக் காதிலிருந்துகூட ரத்தம் வரும். இவற்றைப் பார்க்கச் செலவில்லை, இரண்டு நிமிடம் போதும். மோவாய்க்குத் தையல் போடும் ஒவ்வொரு இடத்திலும் இந்த இரண்டு நிமிடம் கட்டாயமாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மருத்துவர் பார்க்கவில்லையென்றால் நீங்களே கேளுங்கள்: "தாடை மூட்டையும் பார்த்துட்டீங்களா, டாக்டர்? எக்ஸ்ரே வேணுமா?" முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே பல இடங்களில் உண்டு. சிறு குழந்தைகளுக்கு சி.டி. ஸ்கேன்தான் தெளிவாகக் காட்டும்.

உடைந்திருந்தால் உடனே அறுவை சிகிச்சையா என்று பயப்பட வேண்டாம். குழந்தைகளின் மூட்டு முனை முறிவு பெரும்பாலும் கத்தி வைக்காமலே ஆறும். சில நாள் குழைந்த சாப்பாடு, வலிக்கு மருந்து, பிறகு வாயைத் திறந்து மூடும் பயிற்சி. பற்களைக் கம்பியால் கட்ட நேர்ந்தாலும் குழந்தைக்கு ஏழு முதல் பத்து நாளுக்கு மேல் கட்டிவைப்பதில்லை. நீண்ட நாள் அசையாமல் வைப்பதே மூட்டு ஒட்டிக்கொள்ள வழி செய்துவிடும். அதன்பின் ஓராண்டாவது மாதம் ஒருமுறை வீட்டிலேயே சோதியுங்கள். பிள்ளையின் நடு மூன்று விரல்களையும் செங்குத்தாக அடுக்கி அதன் வாய்க்குள்ளேயே வைக்கச் சொல்லுங்கள். மூன்று விரல் நுழைந்த இடத்தில் இரண்டுதான் நுழைகிறது என்றால், அன்றே கிளம்ப வேண்டும்.

விபத்தில் பட்ட அடி என்றால் இன்னொரு வேலையும் உண்டு. அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். அதன் நகலை, ஏ.ஆர். காப்பி என்று கேட்டு வாங்கி வையுங்கள். எலும்பு முறிவும் முகத்தின் நிரந்தரச் சிதைவும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆவது பிரிவின்படி கொடுங்காயம். மூட்டு முறிவு கண்ணில் படாமல் போனால், காயச் சான்றிதழில் "சாதாரணக் காயம்" என்றே பதிவாகும். இழப்பீடும் அதற்கேற்பக் குறையும். வண்டி ஓட்டியவர் ஐயாயிரமோ பத்தாயிரமோ கொடுத்துச் சமாதானம் பேசும் வழக்கம் நம் ஊரில் உண்டு. மோவாயில் அடிபட்ட குழந்தை விஷயத்தில் சமாதானத் தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். பாதிப்பு முழுதும் தெரிய மாதக்கணக்காகும். அதே சமயம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட ஆறு மாதக் கெடு என்று சட்டம் சொல்வதால், வழக்கறிஞரைப் பார்ப்பதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரை இலவசமாகத் தரும். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

அவசரத்தில் சேர்க்க மறுக்கும் மருத்துவமனைகளும் உண்டு. "போலீஸ் கேஸ், முதலில் எஃப்.ஐ.ஆர்." என்று யார் சொன்னாலும் அது செல்லாது. அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும் சட்டச் சடங்குகளுக்குக் காத்திருக்காமல் உயிரைக் காக்க வேண்டும் என்று 1989இல் பரமானந்த் கடாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தமிழக அரசின் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் இலவசம். மத்திய அரசும் 2025இல் ஏழு நாள்வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லா சிகிச்சை தரும் திட்டத்தை அறிவிக்கை செய்திருக்கிறது.

இனி, ஒட்டியே போய்விட்ட மூட்டு.

இந்தப் பிள்ளைகள் படும் பாட்டை வெளியே இருந்து பார்ப்பவர்கள் எளிதில் உணர்வதில்லை. பிசைந்து கரைத்த சோற்றைப் பல் சந்து வழியே உறிஞ்சுகிறார்கள். பல் துலக்க பிரஷ் நுழையாது. சொத்தை விழுந்தால் அடைக்க மருத்துவரின் கருவியும் நுழையாது. வாந்தி வந்தால் மூச்சுக்குழலில் ஏறிவிடும் ஆபத்து இருக்கிறது. கீழ்த்தாடை வளர்வதில் மூட்டு முனைக்குப் பெரும் பங்கு உண்டு. அது சேதமானதும் தாடையின் வளர்ச்சி குன்றி, மோவாய் கழுத்தை நோக்கி உள்வாங்குகிறது. ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தால் முகம் கோணும். அப்போது நோயுள்ள கன்னம் செழிப்பாகவும், நல்ல கன்னம் தட்டையாகவும் தெரியும். பார்ப்பவர்கள் நல்ல பக்கத்தைத்தான் நோய்ப் பக்கம் என்று நினைப்பார்கள். சிறுத்த தாடையால் நாக்கு பின்னுக்குத் தள்ளப்பட்டு, தூக்கத்தில் மூச்சு அடைபடும். இரவில் உரத்த குறட்டை, திடுக்கிட்டு விழிப்பது, பகலில் வகுப்பில் தூங்குவது எல்லாம் இதனால்தான். பள்ளியில் அந்தப் பிள்ளைக்குச் சோம்பேறி என்று பெயர் விழுந்திருக்கும்.

இதற்கு மாத்திரை இல்லை, எண்ணெய் தடவி நீவிவிட்டால் போகாது. அறுவை சிகிச்சைதான் வழி. செய்பவர்கள் முகத்தாடை அறுவை சிகிச்சை நிபுணர்கள். பல் மருத்துவம் படித்து, அதில் எம்.டி.எஸ். முடித்தவர்கள். காதுக்கு முன்னால் கீறி, ஒட்டிக்கொண்ட எலும்புத் திரளை ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி விழும்படி வெட்டி எடுக்கிறார்கள். மறுபடி ஒட்டாதிருக்க, நெற்றிப்பொட்டுத் தசையின் ஒரு மடிப்பையோ கொழுப்பையோ நடுவில் வைத்துத் தைக்கிறார்கள். அறுவை மேசை மீதே வாய் குறைந்தது 35 மில்லிமீட்டர் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் மறுபக்கத்தில் தசை பற்றியிருக்கும் எலும்பு நுனியையும் வெட்டுவதுண்டு. வளரும் பிள்ளைக்குப் புது மூட்டு முனையாக, குருத்தெலும்போடு சேர்ந்த விலா எலும்புத் துண்டை வைக்கலாம். அது பிள்ளையோடு சேர்ந்து வளரும். சிலருக்கு அளவு மீறி வளர்ந்து மோவாயை எதிர்ப்பக்கம் தள்ளிவிடுவதும் உண்டு. இதைப் பெற்றோருக்கு முன்பே சொல்ல வேண்டும்.

சிறுத்த தாடையை நீட்டவும் வழி இருக்கிறது. கால் எலும்பை நீட்ட சோவியத் மருத்துவர் இலிசரோவ் வகுத்த முறையை, நியூயார்க்கின் மெக்கார்த்தி குழந்தைகளின் கீழ்த்தாடைக்குப் பயன்படுத்தி 1992இல் வெளியிட்டார். எலும்பை வெட்டிக் கருவி பொருத்தி, சில நாள் விட்டு, தினம் ஒரு மில்லிமீட்டர் வீதம் திருகுகிறார்கள். இடைவெளியில் புது எலும்பு வளர்கிறது. அது இறுகும்வரை இரண்டு மூன்று மாதம் கருவியை எடுப்பதில்லை. தூக்கத்தில் மூச்சடைப்பு கடுமையாக உள்ள பிள்ளைக்கு முதலில் தாடையை நீட்டி மூச்சுவழியைச் சரிசெய்துவிட்டு, பிறகு மூட்டை விடுவிக்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

ஆபத்துகளை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் ஆபத்து மயக்க மருந்து. வாய் திறக்காதவருக்கு வழக்கம்போல வாய்வழியே குழாய் போட முடியாது. வளையும் கேமராக் குழலை மூக்குவழி செலுத்தி, அதன்மேல் சுவாசக் குழாயை இறக்க வேண்டும். அந்தக் கருவியும் கைதேர்ந்த மயக்கவியல் மருத்துவரும் இல்லாத இடத்தில் இந்த அறுவையைச் செய்யச் சம்மதிக்காதீர்கள். அடுத்தது ரத்தப்போக்கு. மூட்டுக்கு உட்புறம் பெரிய தமனி ஓடுகிறது, ரத்தம் தயாராக இருக்க வேண்டும். மூன்றாவது, முக நரம்பு. புருவம் தூக்கும், கண் மூடும் கிளைகள் கீறும் இடத்தை ஒட்டியே போகின்றன. அவை தற்காலிகமாகத் தளர்வது உண்டு, அரிதாக நிரந்தரமாகவும்.

"இதுக்கு முன்னாடி எத்தனை பேருக்கு இந்த ஆபரேஷன் செஞ்சிருக்கீங்க? கேமராக் குழல் இருக்கா? திரும்ப ஒட்டிக்கிட்டா என்ன செய்வீங்க?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. சம்மதப் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். சிகிச்சை என்ன, வேறு வழி உண்டா, ஆபத்து என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று விளக்கிய பிறகு பெறுவதே சம்மதம். 2008இல் சமீரா கோஹ்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பரிசோதனைக்குப் பெற்ற கையெழுத்து அறுவைக்குப் பெற்ற கையெழுத்து ஆகாது என்பதும் அதே தீர்ப்புதான்.

கத்தியால் ஆவது பாதிதான். மீதி, வீட்டில் பெற்றோர் கையில் இருக்கிறது. சில நாளிலேயே வாய் திறக்கும் பயிற்சி தொடங்கிவிடும். ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கிடையே செருகி, நாள்தோறும் ஒன்று கூட்டுவது ஒரு முறை. திருகித் திறக்கும் கருவியும் உண்டு. தினம் பல தடவை, ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை செய்ய வேண்டும். பிள்ளைக்கு வலிக்கும், அழும். "பாவம், இன்னிக்கு ஒருநாள் விட்டுடலாம்" என்று பாட்டி சொல்வார். அப்படி விட்ட நாள்கள் சேர்ந்தால் மூட்டு மீண்டும் ஒட்டும். இரண்டாம் அறுவை முதலாவதைவிடக் கடினம். ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும்முன் பயிற்சியைச் செய்துகாட்டச் சொல்லி, உங்கள் கையாலும் செய்து கற்றுக்கொள்ளுங்கள். வலி மருந்தைப் பயிற்சிக்கு அரைமணி முன்னால் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

செலவுக்கு முதலில் பார்க்க வேண்டியது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை. எந்தச் சிகிச்சை அதில் அடங்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு அலுவலரிடம் சேரும்முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடமும் "வாய் திறக்கவில்லை" என்று ஆசிரியர் சொன்னால், பிள்ளையை மேல்சிகிச்சைக்கு அனுப்புவார்கள்.

தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் பதில், "இது அழகுக்கான அறுவை, தர முடியாது" என்பது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விலக்கு விதியிலேயே பதில் இருக்கிறது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யும் மறுசீரமைப்பு அந்த விலக்கில் சேராது. சேர்க்கைக் குறிப்பில் "விபத்துக்குப் பின் ஏற்பட்ட தாடை மூட்டு இறுக்கம், உண்ணவும் மூச்சுவிடவும் இடர்" என்று மருத்துவர் தெளிவாக எழுதியிருந்தால் பாதி வாதம் முடிந்தது. நிறுவனம் மறுத்தால், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

சிகிச்சையில் தவறு நடந்ததாகத் தோன்றினால் முதல் வேலை ஆவணங்களைக் கேட்டு எழுதிக் கொடுப்பது. 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்கு விதி. கட்டணம் வாங்கும் மருத்துவமனை மீது இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் மூட்டு மறுபடி ஒட்டிவிட்டது என்பது மட்டுமே கவனக்குறைவு ஆகாது. திறமையான மருத்துவர் செய்திருக்கக்கூடிய அளவுக்குக் கூடச் செய்யவில்லை என்று காட்ட வேண்டும். முறிவைத் தேடாமல் விட்டது, ஆபத்தைச் சொல்லாமல் கையெழுத்து வாங்கியது, பயிற்சி கற்பிக்காமல் அனுப்பியது போன்றவற்றை ஆவணம்தான் பேசும்.

குழந்தைப் பருவத்தில் ஒட்டி, இருபது முப்பது வயதாகிவிட்டவர்கள் "இனிமேல் என்ன" என்று இருந்துவிட வேண்டியதில்லை. வளர்ச்சி முடிந்தவர்களுக்கு டைட்டானியத்தாலான செயற்கை மூட்டு பொருத்தும் வழியும் இருக்கிறது. மோவாயை முன்னால் நகர்த்தும் அறுவையும் சேர்த்துச் செய்யலாம். சென்னையில் கோட்டை ரயில் நிலையம் அருகே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், சிதம்பரம், புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கேட்கலாம். மற்ற மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவில் ஓ.பி. சீட்டு வாங்கி, எப்போது, எங்கே விழுந்தது என்பதிலிருந்து சொல்லத் தொடங்குங்கள்.