கல் பவளம் போய் மென்பவளம் வந்தது

நெம்மேலியில் கடல்நீரை உறிஞ்சி, உப்பைப் பிரித்து, குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்புகிறார்கள். 2013இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் என்று தொடங்கிய ஆலை அது. 2024இல் அதன் பக்கத்திலேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்றும் வந்துவிட்டது. அங்கிருந்து சில கிலோமீட்டர் மேற்கே, திருப்போரூரை நோக்கி நீளும் பழைய மாமல்லபுரம் சாலையின் அடுக்ககங்களில் இதற்கு நேர் எதிரான வேலை நடக்கிறது. குழாய்த் தண்ணீரை ஆர்.ஓ. வடிகட்டியில் விட்டு அதிலுள்ள உப்பையெல்லாம் நீக்குகிறார்கள். பிறகு மூட்டையாக வாங்கிய உப்பை லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் என்று அளந்து கலக்கிக் கடல் செய்கிறார்கள்.

கோவளத்தில் இறங்கி நாலு கேன் மொண்டு வந்தால் ஆகாதா என்று கேட்கத் தோன்றும். மொண்டு வருகிறவர்களும் உண்டு. ஆனால் வடகிழக்குப் பருவமழையில் முட்டுக்காட்டுக் கழிமுகம் உடைத்துக்கொண்டால் நன்னீரும் சேறும் ஊர்க் கழிவும் கரையோரக் கடலில் வந்து சேரும். உப்பளவு ஒரு வாரம் ஒன்றாகவும் மறுவாரம் வேறாகவும் இருக்கும். மீன் தாங்கினாலும் பவளம் தாங்காது.

ஆம், இந்தத் தொட்டிகளில் வளர்வது பவளம். சிறுசேரி சிப்காட்டும் ஆறு வழிச் சாலையும் வந்த பிறகு, மென்பொருள் சம்பளத்தோடு இந்தப் பக்கம் குடியேறிய ஆசைகளில் ‘ரீஃப் டேங்க்’கும் ஒன்று. அந்தத் தொட்டிகளுக்குள் குடியிருப்பவை இப்போது மாறிவிட்டன. கிளை விரித்த கல் பவளங்கள் கிளம்ப, தோல் போலவும் காளான் போலவும் இருக்கும் மென்பவளங்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. பழைய கைகள் இதைத் தோல்வி என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வெள்ளைக் கல் காலம்

முதலில் வந்தது உயிரற்ற பவளம். ஒரு காலத்தில் மாமல்லபுரம், ராமேசுவரம், கன்னியாகுமரிச் சங்குக் கடைகளில் சோழியோடும் சங்கோடும் வெள்ளை வெளேரென்று பவளக் கொத்துகளும் விலைக்கு இருந்தன. கடல் மீன் தொட்டி வைத்திருந்த ஒருசிலர் அந்தக் கொத்துகளைத்தான் உள்ளே அடுக்கினார்கள். பச்சைப் பாசி படிந்தால் எடுத்து பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்துத் திரும்ப வெள்ளையாக்குவார்கள். அன்றைய தொட்டிக்காரருக்குப் பவளம் என்றால் கழுவி வைக்கும் அலங்காரக் கல்.

அதே காலத்தில் மன்னார் வளைகுடாவில் பவளத்தை வள்ளம் வள்ளமாக உடைத்தெடுத்துச் சுண்ணாம்புக் காளவாசலுக்கு அனுப்பினார்கள். அது வீட்டுச் சுவரானது, ஆலைக்கு மூலப்பொருளானது. பாறை போனதும் அலையைத் தடுக்க ஆளில்லை. பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரு தீவுகள் நீருக்குள் போயின. 21 தீவுகள் கொண்ட இந்தப் பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆன பிறகும் கல் எடுப்பது உடனே நிற்கவில்லை. அது 2005 வாக்கில்தான் ஓய்ந்தது.

கிளைப் பவள மோகம்

உயிருள்ள பவளத்தைத் தொட்டியில் வளர்க்கலாம் என்று உலகுக்குக் காட்டியவர்களில் முன்னோடி, ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். உயிருள்ள பாறையும் காற்றுக் குமிழும் போதும் என்று 1961இல் எழுதினார். பிறகு ஜெர்மனியில் ‘பெர்லின் முறை’ உருவாகி, நுரை வழியாகக் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மரும் வலுவான விளக்கும் சேர்ந்தன. 1990களில் மேலை நாட்டுத் தொட்டிகளில் அக்ரோபோரா, மான்டிபோரா போன்ற கிளைப் பவளங்கள் வளரத் தொடங்கின. இணையம் வந்ததும் அந்தப் படங்கள் நம் ஊர்க் கணினித் திரைக்கும் வந்தன. ‘எஸ்.பி.எஸ். வளர்த்தால்தான் நீ ஆள்’ என்ற நினைப்பும் கூடவே வந்தது.

எஸ்.பி.எஸ். என்பது சிறு வாய்க் கல் பவளங்களுக்குத் தொட்டிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர். இவை நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்து இரவு பகலாக எலும்புக்கூடு கட்டுபவை. எனவே கால்சியம் லிட்டருக்கு 420 மில்லிகிராம் அளவில் நிற்க வேண்டும். காரத்தன்மை 8, 9 டி.கே.ஹெச். என்று ஆடாமல் இருக்க வேண்டும். நைட்ரேட் இருக்கிறதா இல்லையா என்று தேடும்படி இருக்க வேண்டும். சூடு 25, 26 டிகிரியைத் தாண்டக் கூடாது. எண்கள் கொஞ்சம் தாழ்வாக இருந்தால்கூட மன்னிக்கும். ஒரே நாளில் ஏறி இறங்கினால் நுனி வெளுத்து, அடியிலிருந்து சதை உரிந்து, இரண்டு நாளில் வெறும் கல்லாகிவிடும்.

வெயிலும் மின்வெட்டும்

இந்த எண்களை பெர்லின் வீட்டறையில் காப்பது ஒரு கணக்கு, திருப்போரூர் வீட்டறையில் காப்பது வேறு கணக்கு. அங்கே தொட்டிக்கு ஹீட்டர் வேண்டும். இங்கே மே மாதத்தில் கதவடைத்த அறைக்குள் தொட்டி நீர் 31, 32 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். நீர்ப்பரப்பில் விசிறி வைத்தால் ஆவியாதலால் குளிரும் என்பார்கள். மதுரையிலோ கோவையிலோ அது ஓரளவு எடுபடும். கடற்காற்றின் ஈரப்பதத்தில் ஆவியாதலே மந்தம், குளிர்ச்சியும் மந்தம். வேறு வழியில்லாமல் சில்லர் வாங்க வேண்டும்.

அன்றைய விளக்கு மெட்டல் ஹாலைடு. 250 வாட் பல்பு ஒன்று பத்து மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 2.5 யூனிட், இரண்டு மாத பில்லில் 150 யூனிட். வீட்டுக்கு அரசு தரும் இலவச 100 யூனிட்டை இந்த ஒரு பல்பே விழுங்கி மேலும் கேட்கும். அது கக்கும் சூட்டைத் தணிக்க சில்லர் தனியே ஓடும். ஒன்று சூடேற்ற, இன்னொன்று ஆற்ற, இரண்டுக்கும் மீட்டர் சுழலும்.

மின்சாரம் இருந்தால்தான் இந்தப் பாடும். 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை நகருக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு என்றால், நகர எல்லைக்கு வெளியே அது பல மணி நேரமாக நீண்டது. நீரோட்டம் நின்ற தொட்டியில் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் குறைந்துவிடும். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் கரை கடந்தபோது பல இடங்களில் மின்சாரம் திரும்ப நாள்கணக்கானது. இன்வெர்ட்டர் விளக்குக்கும் விசிறிக்கும் வைத்திருந்தது. அது சில்லருக்கும் பம்புக்கும் எவ்வளவு நேரம் தாங்கும்? இந்தக் கரையில் கல் பவளம் வளர்ப்பது மின்வாரியத்தை நம்பிக் குளிர்பதனக் கிடங்கு நடத்துவதற்குச் சமமாக இருந்தது.

சட்டம் சொன்னது

இதற்கெல்லாம் மேலே சட்டம் இருந்தது. பலர் அதைக் கண்டுகொள்ளாமல் இருந்தார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் 2001இல் பாறை கட்டும் கல் பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. கருப்புப் பவளம், குழல் பவளம், தீப்பவளம், கடல் விசிறி ஆகியவையும் அதே பட்டியலில் ஏறின. புலியும் யானையும் இருக்கும் பட்டியல் அது. மீறினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. கடலில் கிடக்கும் செத்த பவளத் துண்டும் இதில் அடக்கம். எனவே ‘லைவ் ராக்’ என்று உள்ளூரில் விற்ற பாறைத் துண்டுகளும் கேள்விக்குரியவை ஆயின.

வெளிநாட்டுச் சரக்கென்றால் கவலையில்லை என்று சொல்ல முடியாது. கல் பவளங்கள் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. 2022இல் நம் சட்டத்தைத் திருத்தி, சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்பவர்கள் பதிவுசெய்ய வேண்டும் என்றார்கள். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. விற்கும் நாடுகளும் கையை இறுக்கின. இந்தோனேசியா 2018இல் பவள ஏற்றுமதியை நிறுத்தி, 2020இல் வளர்ப்புப் பவளத்துக்குத் திரும்ப வழிவிட்டது.

இன்றைய தொட்டி

இன்று இந்தப் பக்கத்துத் தொட்டி ஒன்றை எட்டிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அசைவு. கல் பவளம் கல்லாக நிற்கும். மென்பவளம் நீரோட்டத்தில் ஆடும். லெதர் என்னும் தோல் பவளம் குடை விரித்தாற்போல் நின்று, சில நாள் சுருங்கி, மெழுகு போன்ற மேல்தோலை உதிர்த்துவிட்டுத் திரும்ப விரியும். புதிதாக வாங்கியவர் செத்துப்போயிற்று என்று பதறுவது இந்தக் கட்டத்தில்தான். ஜீனியாவின் கைகள் இடைவிடாமல் மூடித் திறக்கும். பாறை மேல் மஷ்ரூம்கள் தட்டுத் தட்டாக ஒட்டியிருக்கும். ஜோவா என்று செல்லமாக அழைக்கப்படும் ஜோந்திட்கள் பொத்தான் பொத்தானாகப் பரவியிருக்கும். இவை பாறை கட்டுவதில்லை, முதல் பட்டியலிலும் இல்லை. தேசியப் பூங்காவிலிருந்து எடுப்பது மட்டும் எந்த உயிரானாலும் குற்றம்.

வளர்ப்பது எளிதாவதன் காரணம் உடலமைப்பில் இருக்கிறது. எலும்புக்கூடு கட்டாத உயிருக்குக் கால்சியம் அவ்வளவாகத் தேவையில்லை. மாதம் இருமுறை நீரில் ஒரு பங்கை மாற்றினாலே பெரும்பாலும் போதும். நைட்ரேட் பத்தைத் தொட்டால் கல் பவளக்காரர் தூங்கமாட்டார், மென்பவளத்துக்கு அது ஊட்டம். 27, 28 டிகிரியில் இவை சமாளிக்கும். 60, 70 வாட் எல்.ஈ.டி. எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். அது இரண்டு மாதத்துக்கு 35 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். பாறையும் சுட்ட களிமண்ணிலும் சிமென்டிலும் செய்ததாகிவிட்டது. முருங்கைக் கொம்பை ஒடித்து நடுவது போலத் தோல் பவளத்தை வெட்டி, துண்டை ஒரு கல்லில் கட்டிவைத்தால் வேறொரு தொட்டியில் பிழைத்துக்கொள்ளும். ‘ஃப்ராக்’ என்று பேர் சொல்லி நண்பர்களுக்குள் கைமாறும் துண்டுகளால் கடல் தொந்தரவில்லாமல் இருக்கிறது.

எளிது என்றால் அசட்டையாக இருக்கலாம் என்று பொருளில்லை. ஜீனியாவை விட்டால் தொட்டி முழுவதும் ஜீனியாதான். தோல் பவளம் பக்கத்து வீட்டுக்காரரை ஒழிக்க நீரில் நஞ்சு கலக்கும். அதைப் பிடிக்க ஆக்டிவேட்டட் கார்பன் வைக்க வேண்டும். ஜோந்திட் சிலவற்றில் இருக்கும் பாலிடாக்சின், கடல் உயிர்கள் உண்டாக்கும் கொடிய நஞ்சுகளில் ஒன்று. அவை ஒட்டிய பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் கொதிக்கவைத்து, ஆவியை முகர்ந்து, குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக் கூடாத அழகு அது.

கடலிலும் அதே மாற்றம்

தொட்டியில் நடந்த இந்த மாற்றம் கடலிலும் நடந்துகொண்டிருக்கிறது, யாரும் விரும்பாமலே. மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் கோடை வெப்பம் கூடியபோது பவளங்கள் வெளுத்தன. பவளத்தின் சதைக்குள் குடியிருந்து உணவு தரும் நுண்பாசியை, வெப்பம் தாங்காமல் பவளமே வெளியேற்றிவிடும். சில வாரங்களில் சூடு தணியாவிட்டால் அது பட்டினியில் சாகும். அதிகம் அடிபட்டவை அக்ரோபோரா, மான்டிபோரா, போசிலோபோரா என்னும் கிளை இனங்கள். தொட்டிக்காரர்கள் மோகித்தவையும் கைவிட்டவையும் இவையேதான். உருண்டையாக, மெதுவாக வளரும் போரைட்டஸ் போன்றவை பெரும்பாலும் தப்பின. கல் பவளத்தின் மேல் ஜோந்திட்கள் படர்வதையும் தூத்துக்குடிப் பக்கத்தில் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 2024 ஏப்ரலில் உலக அளவில் நான்காவது பெரும் வெளுப்பு அறிவிக்கப்பட்டது.

தொட்டியில் லாபமாக இருப்பது கடலில் நட்டம். கிளைப் பவளத்தின் இடுக்குகள்தான் குஞ்சு மீன்களுக்கு வீடு. அது போய்த் தாங்கும் இனங்கள் மட்டும் மிஞ்சினால் பாறை இருக்கும், மீன் குறையும், கரைக்கு அலைத்தடுப்பும் பலவீனமாகும். அதனால்தான் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் கிளைப் பவளத் துண்டுகளைக் கட்டிக் கடலில் நட்டுவருகிறது. அங்கே கஷ்டமான இனத்தைக் காப்பாற்றியாக வேண்டும். கூடத்தில் வைத்துக் கொல்லவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

அடுத்த படி

மென்பவளமும் வேண்டாம் என்று இன்னும் ஒரு படி இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைக்கும் முறையை உருவாக்கிவிட்டார்கள். கடலில் பிடித்த மீனுக்குப் பதில் பொரிப்பகத்து மீன் கிடைக்கிறது. அதற்குக் கடல் அனிமோன்கூட வேண்டாம், பல நேரம் தோல் பவளத்திலேயே புரண்டு குடும்பம் நடத்தும்.

அதற்கும் கீழே ஒரு படி நம் வாசலிலேயே இருக்கிறது. முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனை நிலையம் இருக்கிறது. அங்கே வெள்ளிக் காசு போல் மின்னும் சில்வர் மூனியையும், ஆரஞ்சு குரோமைடையும், மலையாளிகள் கரிமீன் என்று பொரித்துத் தின்னும் இனத்தையும் குஞ்சு பொரிக்கவைத்திருக்கிறார்கள். கழிமுகத்து மீன்கள் என்பதால் உப்பு கூடினாலும் குறைந்தாலும், வெயில் ஏறினாலும் இறங்கினாலும் இவை பதறுவதில்லை. சில்லரும் மூட்டை உப்பும் இல்லாமல், மின்வெட்டுக்குப் பேட்டரி காற்றுப் பம்பு ஒன்றோடு ஒரு தொட்டி ஓடும்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது இதுதான். முதல் ஆண்டு முட்டுக்காட்டு மீனை வையுங்கள். இரண்டாம் ஆண்டு உப்பு கலக்கப் பழகி, கோமாளி மீனும் ஒரு தோல் பவளத் துண்டும் சேருங்கள். கிளைப் பவளத்தைப் பார்க்கும் ஆசை வந்தால் ராமநாதபுரத்துக்குப் பயணச்சீட்டு எடுங்கள். அந்தக் கரையில் வனத்துறை கண்ணாடித் தளப் படகு விடுகிறது. ஒரு சில்லரின் விலையில் குடும்பத்தோடு பல முறை போய்வரலாம்.