கேலி கேமுக்கு வழக்கு வந்தால்?

பென்னாகரத்து இளைஞர் ஒருவர், ஒகேனக்கலில் குவியும் பிளாஸ்டிக் பாட்டில்களைப் பற்றி மொபைல் கேம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காவிரியில் பாட்டில் வீசும் வில்லனாக ஒரு குளிர்பான நிறுவனத்தின் விளம்பரப் பொம்மையையே வரைகிறார். நிறுவனம் வழக்குப் போடலாமா? போடலாம். வெல்வது அவ்வளவு எளிதல்ல.

டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஏறக்குறைய இப்படியே ஒரு வழக்கு நடந்தது. ஒடிசாவில் டாடா குழுமமும் பங்கேற்றுக் கட்டிய தாம்ரா துறைமுகத்தால் ஆலிவ் ரிட்லி ஆமைகளுக்கு ஆபத்து என்று கூறி, கிரீன்பீஸ் அமைப்பு 2010இல் ஆன்லைன் கேம் ஒன்றை வெளியிட்டது. பேக்மேன் பாணி விளையாட்டு. டாடா முத்திரை தாங்கிய பூதங்களிடமிருந்து ஆமை தப்ப வேண்டும். டாடா சன்ஸ் 10 கோடி ரூபாய் இழப்பீடும் தடையும் கேட்டது. 2011 ஜனவரி 28 அன்று நீதிபதி எஸ்.ரவீந்திர பட் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டார். ஒரு நிறுவனத்தை விமர்சிக்க அதன் முத்திரையைக் காட்டுவதும், அந்த முத்திரையை ஒட்டிச் சரக்கு விற்பதும் ஒன்றல்ல என்று அவர் பிரித்துப் பார்த்தார்.

ஆனால் அது வணிக முத்திரை, அவதூறு பற்றிய வழக்கு. விளம்பரப் பொம்மை ஓவியம் என்பதால் பதிப்புரிமையும் குறுக்கே வரும். ஓவியரின் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் அது நீடிக்கும். ஏசியன் பெயின்ட்ஸின் விளம்பரச் சிறுவன் ‘கட்டு’வை வரைந்த ஆர்.கே.லக்ஷ்மண் 2015இல் மறைந்தார். அந்தச் சிறுவனுக்கு 2075 முடியும்வரை காவல் உண்டு.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாள அனுமதிக்கிறது. கேலி என்ற சொல் அதில் இல்லை. தோப்பில் பாசியின் நாடகத்துக்கு எதிர்நாடகம் எழுதிய சிவிக் சந்திரனுக்குக் கேரள உயர் நீதிமன்றம் 1996இல் இந்தப் பிரிவின் கீழ்தான் பாதுகாப்பு அளித்தது. எவ்வளவு எடுத்தார், எதற்காக எடுத்தார், மூலத்துக்குப் போட்டியாகுமா என்று நீதிமன்றம் பார்த்தது. ஆகவே அடையாளம் தெரியும் அளவுக்கு எடுத்து, அந்த நிறுவனத்தையே விமர்சிப்பவருக்கு வாதம் உண்டு. பொம்மையின் புகழை வைத்து வேறெதையோ விற்பவருக்கு இல்லை.

சிக்கல் தீர்ப்புக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. உரிமையாளர் புகார் எழுதினால், கேமை வைத்திருக்கும் இணைய நிறுவனம் அதில் நியாயம் இருப்பதாகக் கருதும்பட்சத்தில் 36 மணி நேரத்தில் முடக்க வேண்டும். நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் 21 நாளுக்குப் பிறகு திறக்கலாம். ஆனால் கேலி அதற்குள் ஆறிப்போகும். மேலும் 62ஆம் பிரிவின்படி, நிறுவனம் தான் தொழில் நடத்தும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். பென்னாகரத்துப் பையன் மும்பைக்கோ டெல்லிக்கோ வாய்தாவுக்கு அலைய வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்தே பலரும் பணிந்துபோவார்கள்.

பிரிட்டன் 2014இல் கேலிக்கென்றே தனி விலக்கு அளித்துவிட்டது. நம் 52ஆம் பிரிவிலும் நாடாளுமன்றம் அதை வெளிப்படையாக எழுதிச் சேர்க்க வேண்டும்.